நாற்பது பக்கம் படித்த சபீஹா

சபீஹாவுக்குப் பதினொரு வயது. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு வம்பும் வந்தது.

அது 1951-ஆம் வருஷம். ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், அரிசி மண்டிக்கு மேலே மாடியில் ஒரு படிப்பகம் இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு நீள மேஜை, ஓர் அலமாரி. அவ்வளவுதான். கீழே மண்டியில் மூட்டையைப் பொத்தென்று போட்டால், மேலே செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தும்மல் வரும்.

படிப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர் நீலமேகம். பகலில் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் படிப்பகத்தின் காரியதரிசி. சட்டதிட்டம் என்றால் அவருக்கு உயிர். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, மேலே சிவப்பு மையில் 'வாசகர் கருத்து' என்று எழுதி வைத்திருந்தார். படித்தவர்கள் அதில் எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை எழுதியதை அடிக்கக் கூடாது.

முதன்முதலில் சபீஹா ஒரு கப்பல் பயணக் கதையைப் படித்துவிட்டு நான்கு வரி எழுதினாள். நீலமேகம் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

"சின்னப் பொண்ணு, எவ்வளவு அழகா எழுதியிருக்கு பாருங்க!"

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சபீஹாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். புத்தகம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பெரியவர்கள் தலையாட்டினார்கள். கிண்டலாக எழுதினால் சிரித்தார்கள். தலையாட்டலைவிடச் சிரிப்பு அவளுக்கு அதிகம் பிடித்தது.

ரயில் கால அட்டவணையின் பின்னால் இப்படி எழுதினாள்: 'எல்லோரும் கிளம்புகிறார்கள், போய்ச் சேருகிறார்கள். எதற்காக என்று கடைசிவரை சொல்லவில்லை.'

வீட்டு வைத்தியப் புத்தகத்தில்: 'பல்வலிக்கு மூன்று பக்கம். பயத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை.'

ஆங்கிலம்-தமிழ் அகராதியில்: 'நல்ல கெட்டியான புத்தகம். தலையணையாக வைத்துக்கொள்ளலாம்.'

'பச்சை விளக்கு பங்களா' என்று ஒரு துப்பறியும் நாவல் இருந்தது. அட்டை கிழிந்து, பக்கங்கள் பழுப்பேறிப் போன தடித்த புத்தகம். சபீஹா அதில் நாற்பது பக்கம் படித்தாள். நாற்பது பக்கமும் பங்களாவின் ஜன்னல்களையும் தோட்டத்தையும் பற்றியே இருந்தன. அவளுக்குக் கொட்டாவி வந்தது. உடனே பின்னட்டையைத் திறந்து எழுதினாள்:

'இதைப் படிக்கிற நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். சுவராவது பொய் சொல்லாது.'

அதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, காலமான ஒரு வக்கீலின் வீட்டிலிருந்து படிப்பகத்துக்கு இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்தன. அலமாரியிலோ இடமே இல்லை. நீலமேகம் ஒரு புதுச் சட்டம் போட்டார். எந்தப் புத்தகத்துக்கு நல்ல கருத்து இல்லையோ, அது பழைய பேப்பர் கடைக்குப் போகும். கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார்.

வெள்ளிக்கிழமை மாலை. நீலமேகம் புத்தகங்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். சபீஹா மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மாத இதழைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது ரோஸ்மேரி படியேறி வந்தாள். துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஒரு கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைக்கிற வேலை அவளுக்கு. ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். முந்தானையில் சணல் தூசி ஒட்டியிருந்தது. கையில் 'பச்சை விளக்கு பங்களா'.

"அண்ணே, இத்த இன்னும் ஒரு வாரத்துக்கு எழுதிக்கினு குடு."

நீலமேகம் புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைத் திறந்து பார்த்தார். பிறகு அதைக் கழிக்கிற புத்தகங்களின் கட்டோடு சேர்த்து வைத்தார்.

"இது இனிமே கிடையாதும்மா. கழிக்கிற பட்டியல்ல வந்துடுச்சு."

"கழிக்கிறியா? இன்னாண்ணே சொல்ற? இன்னும் அஞ்சு அத்தியாயம் பாக்கி கீது!"

"நான் என்ன பண்றது? சட்டம். கருத்தைக் கேளுங்க." அவர் மறுபடி புத்தகத்தை எடுத்து உரக்கப் படித்தார். "'இதைப் படிக்கிற நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். சுவராவது பொய் சொல்லாது.' இதுக்குக் கீழே ஒரு வரிகூட இல்லையே!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதே பழைய சிரிப்புதான். ஆனால் இன்று அதைக் கேட்டபோது சபீஹாவுக்குக் காது சூடாகிவிட்டது.

"யாருண்ணே எழுதுனது?" என்று கேட்டாள் ரோஸ்மேரி.

"பேர் போடறதில்லை. ஆனா விஷயம் தெரிஞ்சவங்க எழுதினது. எழுத்தைப் பார்த்தாலே தெரியுதே!" நீலமேகம் சபீஹாவைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார்.

ரோஸ்மேரி அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. காலையில் சபீஹா ஆப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். ரோஸ்மேரி ஏன் சண்டை போடாமல் போனாள்? இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

மத்தியானம் அவள் கிடங்கைத் தேடிப் போனாள். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வீட்டிலிருந்து கிளம்பினாள். கிடங்கு வாசலைப் பார்த்ததும் அந்தத் தைரியம் பாதியாகக் குறைந்தது. பூவரச மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குச் சட்டியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் மீதியும் போய்விட்டது.

"நீ நேத்து படிப்பகத்துல குந்திகினு இருந்த பாப்பா தானே? இன்னா வேணும்?" என்று கேட்டாள் ரோஸ்மேரி.

"சும்மா... கதை கேட்கலாம்னு வந்தேன்."

"கதையா? அது போச்சு, பாப்பா. தெனம் இந்த நேரத்துக்கு இவங்களுக்குப் படிச்சுக் காட்டுவேன். இன்னியிலிருந்து இல்ல."

பக்கத்தில் ராஜாத்தி உட்கார்ந்திருந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். கோணி ஊசியைக் கொண்டையில் செருகியிருந்தாள்.

"போனா போவட்டும், வுடு!" என்றாள் அவள். "படிச்சவங்களே அத்த குப்பைன்னு எழுதிகீறாங்க. நமக்கு இன்னா தெரியும்? குப்பையப் போயி வாயப் பொளந்துகினு கேட்டுகினு இருந்தோம்!"

சொல்லிவிட்டு ராஜாத்தி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"எனக்குப் புடிச்சிருந்துச்சுக்கா," என்றாள் கடைசியில் உட்கார்ந்திருந்த சிவந்தி. அவள்தான் அவர்களில் இளையவள். "ஆனா இப்ப அத்த சொல்லவே வெக்கமா கீது."

சபீஹா தலையைக் குனிந்துகொண்டாள். புத்தகம் போவது ஒரு பக்கம். அது பிடித்திருந்ததற்காக இவர்கள் வெட்கப்படுகிறார்களே! அதையும் அவள்தானே செய்தாள்?

"அந்தக் கருத்தை எழுதினது நான்தான்," என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"நீயா?"

"நான்தான்க்கா. எல்லாரும் சிரிக்கணும்னு எழுதினேன். தப்பு. என்னை மன்னிச்சுக்குங்க."

ரோஸ்மேரி எழுந்து நின்றாள். "புஸ்தகத்தை முச்சூடும் படிச்சியா நீ?"

"இல்லை."

"எத்தினி பக்கம் படிச்சே?"

"நாற்பது."

"நாப்பதா!" ரோஸ்மேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, வேலம்மா வர்றதே அம்பத்தி ரெண்டாம் பக்கத்துலதானே!"

"வேலம்மா யாரு?" என்று கேட்டாள் சபீஹா.

அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பங்களாவில் வேலை செய்கிறவள்தான் வேலம்மா. எஜமானியின் வைர அட்டிகை காணாமல் போகிறது. யார் எடுத்தது என்று யாரும் யோசிக்கவே இல்லை. நேராக வேலம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டுகிறார்கள். பெட்டியில் இரண்டு புடவையும் ஓர் உடைந்த சீப்பும்தான் இருக்கின்றன. ஆனாலும் போலீஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறது.

"சாயந்திரம் வூட்டுக்குப் போம்போது எங்க பையையும் அப்படித்தான் கேட்டுல கொட்டிப் பாக்கறாங்க," என்றாள் சிவந்தி. "தெனமும். நாலு வருசமா நான் ஒரு சணல் நூலுகூட எடுத்ததில்ல."

"அதான், வேலம்மா திருடலன்னு எல்லாரும் சொல்றத என் காதால கேக்கணும்," என்றாள் ராஜாத்தி. "அத்தக் கேக்காம எனக்குச் சோறு எறங்காது."

"அந்த வேலம்மா சுத்த அசடு. வாயத் தொறந்து பேச வேணாமா?" என்றாள் இன்னொருத்தி.

"பேசினா மட்டும் வுட்ருவானா?" என்றாள் அடுத்தவள்.

சபீஹா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய கருத்துகள் எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. இவர்களுக்கோ ஒரே புத்தகத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இருந்தது.

"அக்கா, நீங்க சொல்றதை அப்படியே எழுதிக்கட்டுமா?" என்று கேட்டாள். பையில் நோட்டும் பென்சிலும் இருந்தன.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சபீஹா ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினாள்.

"அட, நான் சொன்ன மாதிரியே கீதே!" என்று ராஜாத்தி மோவாயில் கை வைத்தாள். "என் பேரையும் போடு. பயந்துகினு எழுதினேன்னு எவனும் நெனைக்கக் கூடாது."

அன்று மாலை சபீஹாவின் அப்பா பஷீர் துறைமுக வேலை முடிந்து வந்தார். அவர் கிரேன் ஓட்டுபவர். கை கால் கழுவிக்கொண்டு டீ குடித்தபோது, சபீஹா நடந்ததை எல்லாம் சொன்னாள். நாளைக்குப் போகப்போகிற புத்தகங்களின் பெயர்களையும் சொன்னாள்.

"அகராதியும் போவுதா?" பஷீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதை நீங்க படிச்சிருக்கீங்களா, அத்தா?"

"போன வருசம் கம்பெனி கேட்டுல இங்கிலீஷ்ல ஒரு நோட்டீஸ் ஒட்டினாங்க. யாருக்கும் ஒண்ணும் புரியல. அதுல ஒரு வார்த்தை மட்டும் பெருசா இருந்துச்சு, கீழே இருபத்திரண்டு பேரோட டோக்கன் நம்பரு. ஒவ்வொரு எழுத்தா ஒரு தாள்ல படம் மாதிரி வரைஞ்சுகினு நானும் என்கூட வேலை பாக்கற சௌக்கத் அலியும் படிப்பகத்துக்குப் போனோம். அந்த அகராதியில ஒரு மணி நேரம் தேடினோம். ரிட்ரெஞ்ச்மெண்ட்."

"அப்படின்னா?"

"ஆட்குறைப்பு. இருபத்திரண்டு பேரை நிறுத்தப் போறாங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. மறுநாளே சங்கத்துக்காரங்களைக் கூட்டிகினு போயி பேசினோம். ஒருத்தர் வேலையும் போவல." அவர் மறுபடி டம்ளரை எடுத்தார். "அந்த இருபத்திரண்டு பேர்ல நானும் ஒருத்தன்."

சபீஹாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தா, அந்த அகராதியில தலையணைன்னு எழுதினது..."

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? போன மாசமே பார்த்தேன்."

"ஏன் சொல்லலை?"

"எனக்கும் சிரிப்பு வந்துச்சு. தலைக்கு வெச்சுக்கூடப் பார்த்தேன்." பஷீர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "நோவுது. தலையணைக்கு அது லாயக்கில்ல. அத்தையும் எழுது."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கே சபீஹா படிப்பகத்துக்குப் போய்விட்டாள். நீலமேகம் அவள் நீட்டிய நோட்டை முழுவதும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவங்க யாரும் படிக்கலையே, சபீஹா. ஒருத்தர் படிக்க, மத்தவங்க கேட்டாங்க. சட்டம் வாசகர் கருத்துன்னு இருக்கு. கேட்டவங்க கருத்துன்னு இல்லையே?"

சபீஹா சற்று யோசித்தாள்.

"நீங்க அந்தப் புத்தகத்தைப் படிச்சீங்களாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நானா? எனக்கு எங்கே நேரம்?"

"நான் நாற்பது பக்கம்தான் படிச்சேன். நீங்க படிக்கவே இல்லை. அவங்க இருபத்தி மூணு அத்தியாயம் கேட்டிருக்காங்க. இதுல யாருக்கு அதிகம் தெரியும்?"

நீலமேகம் நோட்டை மறுபடி புரட்டினார்.

அந்த நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு பேர் வருகிற சத்தம் இல்லை அது. மாதா கோயிலில் பூசை முடிந்து அதே சேலையோடு ரோஸ்மேரி முன்னால் வந்தாள். பின்னால் ராஜாத்தி, சிவந்தி, இன்னும் ஆறு பேர். அவர்களுக்கும் பின்னால் பஷீர். பெஞ்சில் கால் நீட்டியிருந்தவர்கள் அவசரமாகக் காலை மடக்கிக்கொண்டார்கள்.

"நோட்டுல எழுதினது போதாதுன்னா வாயாலயே சொல்றோம்," என்றாள் ராஜாத்தி. யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் கதையை ஆரம்பித்துவிட்டாள்.

அவள் சொல்லச் சொல்ல, செய்தித்தாள்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பழைய பேப்பர் கடைக்காரர் தராசும் கையுமாக வந்தார். "கட்டு எங்கே?" என்றார். "உஷ்!" என்றார்கள் நான்கு பேர். அவர் வாசலோரமாக இருந்த கட்டின்மேலேயே உட்கார்ந்து கதை கேட்கத் தொடங்கினார்.

போலீஸ் வேலம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது. பங்களாவில் மறுபடி பச்சை விளக்கு எரிந்தது. தோட்டக்காரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளே, அட்டிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது...

ராஜாத்தி நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்று கேட்டார் நீலமேகம். அவர் எழுந்து நின்றது அவருக்கே தெரியவில்லை.

"அப்புறம் யாருக்குத் தெரியும்? அந்த ஆளு குந்திகினு கீறாரே, அவருக்கு அடியில கீது மிச்சக் கதை!"

பேப்பர் கடைக்காரர் துள்ளி எழுந்தார். படிப்பகமே சிரித்தது. சபீஹாவும் சிரித்தாள்.

நீலமேகம் தானே குனிந்து கட்டின் முடிச்சை அவிழ்த்தார். பஷீர் அகராதியைப் பற்றிச் சொன்னார். வேறொருவர் கால அட்டவணைக்காகப் பேசினார். அதைப் பார்த்துத்தான் அவர் தன் தங்கை கல்யாணத்துக்குச் சரியான ரயிலைப் பிடித்தாராம். வைத்தியப் புத்தகத்துக்கு ஒரே சமயத்தில் மூன்று பெண்கள் சாட்சி சொன்னார்கள்.

"எல்லாம் சரி, புதுப் புத்தகத்தை எங்கே வைக்கிறது?" நீலமேகம் கவலையோடு அலமாரியைப் பார்த்தார்.

சபீஹாவும் பார்த்தாள். அடித்தட்டு முழுவதும் தடித்தடியான பைண்டுகள் இருந்தன. பதினேழு வருஷத்துப் பழைய பஞ்சாங்கங்களும் இயந்திர விலைப்பட்டியல்களும். அவள் ஒன்றை உருவிப் பின்னட்டையைத் திறந்தாள்.

"அண்ணே, இதுக்கெல்லாம் கருத்துத் தாளே ஒட்டலையே?"

நீலமேகம் குரலைத் தாழ்த்தினார். "அது நம்ம படிப்பகத் தலைவர் வீட்டிலிருந்து கொடுத்தது. அதுக்கு எப்படி..."

"யாராவது எடுத்துப் படிச்சிருக்காங்களா?"

நீலமேகம் சுற்றிலும் பார்த்தார். பதினேழு பஞ்சாங்கத்துக்காகவும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

"சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்," என்று பெருமூச்சு விட்டார் அவர். "தலைவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." பஞ்சாங்கக் கட்டு முந்தைய கட்டைவிடக் கனமாக இருந்ததால், பேப்பர் கடைக்காரருக்கும் வருத்தமில்லை.

'பச்சை விளக்கு பங்களா'வின் கருத்துத் தாளில், தான் எழுதியதற்குக் கீழே சபீஹா எழுதினாள்: 'மேலே எழுதியது நான். அப்போது நாற்பது பக்கம்தான் படித்திருந்தேன். சபீஹா.' அதன் கீழ், கிடங்கில் கேட்டு எழுதியதை எல்லாம் பெயர் பெயராக எழுதினாள். தாள் போதாமல் இன்னொரு தாள் ஒட்ட வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், பூவரச மரத்தடியில் ரோஸ்மேரி கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். அவளுக்குத் தொண்டை கட்டியபோது சபீஹா வாங்கிப் படித்தாள். அட்டிகையை ஒளித்து வைத்தது எஜமானேதான். கடன்காரர்களுக்குப் பயந்து செய்திருக்கிறார். வேலம்மா விடுதலையாகி வெளியே வந்தாள். எஜமானியம்மாவுக்கு அட்டிகை கிடைத்தது. துப்பறிபவருக்கு மாலை போட்டார்கள். முற்றும்.

சிவந்தி கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். ராஜாத்தி மட்டும் தட்டவில்லை.

"எனக்கு முடிவு புடிக்கல," என்றாள்.

"ஏன்க்கா? வேலம்மா திருடலன்னுதான் எல்லாரும் ஒத்துகினாங்களே!" என்றாள் ரோஸ்மேரி.

"ஒத்துகினாங்க. ஆனா பொட்டியக் கொட்டினாங்களே, அந்த ஆளுங்கள்ல ஒருத்தராவது அவகிட்ட வந்து மன்னிப்பு கேட்டாங்களா? நீ படிச்ச எடத்துல அப்படி எதுவும் வரலயே."

சபீஹா கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான். யாரும் கேட்கவில்லை. அவள் பென்சிலை எடுத்து, ராஜாத்தி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். அன்று மாலையே படிப்பகத்துக்குப் போய், ஒட்டுத் தாளின் கடைசியில் மிஞ்சியிருந்த இடத்தில் மையால் எழுதினாள்:

'முடிவு சரியில்லை. வேலம்மாவிடம் ஒருத்தராவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ராஜாத்தி.'

நீலமேகம் அந்த வரியை இரண்டு முறை படித்தார். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தவர், பேனாவைச் சிவப்பு மையில் தோய்த்து, ராஜாத்தியின் பெயருக்குப் பக்கத்தில் தன் கருத்தை எழுதினார்:

'ஆமாம்.'